நங்கூரமிட்ட முதல் நாள்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என் தமக்கையின் குடும்பத்தார் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலொன்றில் பயணம் செய்து திரும்பினர். நீச்சல் குளத்தைப் பற்றியும், நள்ளிரவிலும் கிடைத்த உணவைப் பற்றியும் அக்கா நிறையச் சொன்னாள். ஆனால் முதல் நாளைப் பற்றிக் கேட்டபோது அவள் முகம் சற்றே சுருங்கியது. கப்பலில் ஏறி அறையைக்கூடச் சரியாகப் பார்ப்பதற்குள், எல்லோரையும் குறிப்பிட்ட ஓரிடத்திற்கு வரச்சொல்லி, அபாயச் சங்கின் ஒலி எப்படியிருக்கும், மிதவை அங்கியை எப்படி அணிவது, எந்த உயிர்காப்புப் படகு யாருக்கு என்று பாடம் நடத்தினார்களாம். "சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போகிறவன் முதலில் சாவுக்கா ஒத்திகை பார்ப்பான்?" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னை நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முந்தைய வேறொரு முதல் நாளுக்கு இட்டுச் சென்றது. பயண இலக்கியம் குறித்து மாணவர்களிடம் பேச நேரும்போதெல்லாம் நான் தவறாமல் சொல்லும் நாள் அது. நீண்ட கடற்பயணத்தை இன்பத்திற்காக மட்டுமே மேற்கொள்ளலாம் என்னும் எண்ணம் உலகத்திற்குப் புதிதாக இருந்த காலம். அந்த நாளில் கப்பல் புறப்பட்டது; ஆனால் எங்கும் போகவில்லை.

*

கடலைக் கடப்பதற்குப் பழைய உலகம் வைத்திருந்த காரணங்கள் மிகச் சில. நம் இலக்கணமே ஓதல், பகை, தூது, பொருள் என்று பிரிவுக்கான காரணங்களைப் பகுத்து வைத்திருக்கிறது. கடல்வழிச் செல்லும்போது பெண்டிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்றும் தொல்காப்பியம் விதிக்கிறது. வேடிக்கை பார்க்கப் போவது என்று ஒரு பிரிவு எங்கும் கூறப்படவில்லை. பேச்சு வழக்கிலும் ஒருவரின் மானம் போயிற்று என்பதைக் 'கப்பலேறிப் போயிற்று' என்றுதான் சொல்கிறோம். கப்பலேறியது திரும்பாது என்னும் அச்சம் அத்தொடரில் இன்றும் உறைந்து கிடக்கிறது.

மேற்கு நாடுகளிலும் நிலைமை பெரிதும் வேறானதன்று. வணிகன், போர்வீரன், பாதிரியார், பிழைப்பு தேடிப் போகிறவன் ஆகியோருக்கு உரியதாகவே கடல் இருந்தது. 1844ஆம் ஆண்டில் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே, பி அண்ட் ஓ நிறுவனம் அளித்த இலவசப் பயணச்சீட்டில் மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்து ஒரு நூல் எழுதினார். ஆனால் அவர் சென்றவை தபாலும் சரக்கும் சுமந்து குறித்த வழித்தடத்தில் ஓடிய கப்பல்கள். பயணிகளின் இன்பத்திற்கென்றே ஒரு கப்பலை அமர்த்தி, அது போகும் வழியையே அவர்களுக்காக வகுத்து, மாதக்கணக்கில் சுற்றுவது என்பது வேறு. அமெரிக்காவிலிருந்து அப்படிக் கிளம்பிய முதல் பெரும் பயணமாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 'குவேக்கர் சிட்டி' என்னும் நீராவிக் கப்பலின் பயணமே.

1867ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிட்டு, நியூயார்க்கை அடுத்த புரூக்ளினிலிருந்து ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. புனித நாடு, எகிப்து, கிரிமியா, கிரேக்கம் எனப் பல இடங்களை ஒரே மூச்சில் காட்டிவரும் திட்டம் அது. அவ்வாண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியும் அதில் அடக்கம். கட்டணம் 1,250 டாலர். கரையில் ஆகும் செலவுக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் தங்கமாகக் கொண்டுவந்தால் போதும் என்றது அறிவிப்பு. கப்பலில் நூலகம் உண்டு, இசைக்கருவிகள் உண்டு, மருத்துவர் உண்டு. பணம் மட்டும் இருந்தால் போதாது. விண்ணப்பங்களைப் பரிசீலித்துத் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்கக் குழுவொன்றும் இருந்தது. ஏற்பாட்டின் மூலவர் சார்லஸ் டங்கன், கப்பலின் தலைவரும் அவரே. புரூக்ளின் பிளிமத் தேவாலயத்தின் புகழ்பெற்ற போதகர் ஹென்றி வார்டு பீச்சரும், உள்நாட்டுப் போரின் தளபதி ஷெர்மனும் உடன் வருவார்கள் என்ற பேச்சு இருந்தது. அந்தப் பெயர்களின் ஒளியில் பலர் பணம் கட்டினர். கடைசியில் இருவருமே வரவில்லை.

அந்தக் கப்பலுக்கும் ஒரு முன்கதை உண்டு. 1854இல் கட்டப்பட்ட அந்தத் துடுப்புச் சக்கரக் கப்பல், 1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் கடற்படைக்காகத் தென்பகுதித் துறைமுகங்களை முற்றுகையிடும் பணியில் இருந்தது. 1865இல் போர் முடிந்தது. பகைவரின் கப்பல்களை மறித்துப் பிடித்த கலம், இரண்டே ஆண்டுகளில் விருந்துக்கும் நடனத்துக்குமாக மாறி நின்றது. இறப்பில் களைத்துப்போன ஒரு சமூகம் முதன்முதலாக வெளியே காலாற நடக்க நினைத்தது என்றே அப்பயணத்தை நான் வாசிக்கிறேன்.

பயணிகளுள் ஒருவர் சாமுவேல் கிளெமென்ஸ் என்னும் முப்பத்தொரு வயது இதழாளர். மார்க் ட்வைன் என்ற புனைபெயர் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. அவருக்கான கட்டணத்தைச் சான்பிரான்சிஸ்கோவின் 'ஆல்டா கலிபோர்னியா' நாளேடு செலுத்தியது. பதிலுக்கு அவர் வழியெங்கும் கடிதங்கள் எழுதி அனுப்ப வேண்டும். அக்கடிதங்களிலிருந்து விரிந்ததே 1869இல் வெளிவந்த 'தி இன்னசண்ட்ஸ் அப்ராட்' என்னும் நூல். முதல் நாளின் நிகழ்ச்சிகள் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த நூலின் வழியாகத்தான்.

*

1867 ஜூன் 8, சனிக்கிழமை. நண்பகலுக்குச் சற்றுப் பின் ட்வைன் துறைக்கு வருகிறார். மழை தூறிக்கொண்டிருக்கிறது. துறை முழுவதும் வண்டிகளும் ஆட்களும். மேல்தளத்தில் நடக்க இடமின்றிப் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. பயணத்திற்கென்று தைத்த அழகற்ற உடைகளில், இறகுதிரும் கோழிகளைப் போல நனைந்து ஒடுங்கி நிற்கின்றனர் பயணிகள். கொடிமரத்தில் கொடி ஏற்றப்பட்டிருக்கிறது. அதுவும் நனைந்து துவண்டு தொங்குகிறது. இது இன்பப் பயணம்தான், ஏனெனில் அறிவிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஆனால் பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்ற பொருள்பட அவர் எழுதுகிறார். அச்சடித்த தாளுக்கும் கண்முன் இருந்த காட்சிக்கும் நடுவே கிடந்த இந்த இடைவெளிதான் அவருடைய நகைச்சுவையின் ஊற்று. சுற்றுலாத் துறையின் வரலாறு முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

கப்பலின் கட்டு அவிழ்க்கப்படுகிறது. கரையில் நனைந்துகொண்டிருந்த கூட்டம் மெலிதாக இருமுறை ஆரவாரம் செய்கிறது; கப்பலிலிருந்தும் அதே அளவு மெலிதான மறுமொழி. பீரங்கி முழங்கியிருக்க வேண்டும். மருந்து இல்லாததால் அது வாய் திறக்கவில்லை. கப்பல் துறைமுகத்தின் முகத்துவாரம் வரை சென்று, அங்கே நங்கூரம் பாய்ச்சி நின்றுவிடுகிறது. வெளியே புயல். பதினைந்து மாநிலங்களிலிருந்து வந்த பயணிகளில் மிகச் சிலரே அதற்குமுன் கடலைக் கண்டவர்கள். பழக்கமற்ற உடல்களை எடுத்த எடுப்பிலேயே அந்தக் கடலில் கொண்டுபோய் விட முடியாது என்பதே காரணம்.

பயணியொருவரை வழியனுப்ப வந்த நியூயார்க் இளைஞர்கள் இரண்டு இழுவைப் படகுகளில் மதுவும் கும்மாளமுமாய்க் கூடவே வந்திருந்தனர். மாலையில் அவர்களும் விடைபெற்றுத் திரும்பினர். ஐந்து பாகம் ஆழமே இருந்த நீரில் கப்பல் தனித்து நின்றது. அன்றிரவு நடனமும் சீட்டாட்டமும் நடக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மணி ஒலித்தது, பிரார்த்தனைக் கூட்டத்திற்காக!

மறுநாள் ஞாயிறு. புயல் தணிந்தாலும் அலைகள் தணியவில்லை. ஓய்வு நாளில் இன்பப் பயணத்தைத் தொடங்குவது முறையுமன்று. எனவே அன்றும் கப்பல் அசையவில்லை. மீண்டும் வழிபாடு, மீண்டும் பிரார்த்தனை. காலை உணவின்போது மேசையைச் சுற்றிப் பார்வையை ஓட்டிய ட்வைன் திடுக்கிடுகிறார். இருபுறமும் நரைத்த தலைகள். இளையோரும் உண்டு என்பது பின்னரே அவருக்குப் புலப்படுகிறது. திங்கட்கிழமை காலையில்தான் குவேக்கர் சிட்டி உண்மையாகவே கடலுக்குள் சென்றது. சென்றதும் பெரும்பாலோர் குமட்டலில் சுருண்டனர். தான் மட்டும் நலமாக இருக்கையில் பக்கத்திலிருப்பவன் வாந்தியெடுப்பதைக் காண்பதிலுள்ள இரகசிய மகிழ்ச்சியை ட்வைன் அளவுக்கு ஒளிவுமறைவின்றிச் சொன்னவர்கள் குறைவு.

*

இவ்வளவையும் ட்வைன் கேலியாகவே எழுதியிருக்கிறார். ஊர் திரும்பியபின் நியூயார்க் ஏடொன்றில், பிணமில்லாத சவ ஊர்வலம் போல இருந்தது அந்தப் பயணம் என்னும் கருத்துப்பட எழுதி உடன்பயணிகளைச் சினமூட்டினார். டங்கன் மீதும் அவருக்கு நல்லெண்ணம் இல்லை. அந்நூலைப் படிக்கும் நாமும் அவரோடு சேர்ந்து சிரித்து, மேலே போய்விடுகிறோம்.

ஆனால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அந்த இரண்டு நாள் காத்திருப்பில் என் மனம் நின்றுவிடுகிறது. கட்டணம் வாங்கியாயிற்று; நாள் குறித்தாயிற்று; கரையில் கூட்டம் கையசைத்தாயிற்று. இத்தனைக்கும் பிறகு, 'இன்று கடல் சரியில்லை. நிற்போம்' என்று முடிவெடுப்பது எளிதன்று. பயணிகள் முகம் சுளிப்பார்கள், உள்ளே ஓர் எழுத்தாளன் இருந்தால் நூற்றாண்டுகளுக்கும் நின்று நிலைக்கும்படி நையாண்டி செய்வான். ஆனாலும் நங்கூரம் போடப்பட்டது. ட்வைன் ஒரு காலத்தில் மிசிசிப்பி ஆற்றில் கப்பல் வழிகாட்டியாக உரிமம் பெற்றுத் தொழில் செய்தவர். நீர் விடாதபோது நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததன்று. அதனால்தான் அவருடைய கேலி பயணிகளின் சோர்வையும் அறிவிப்பின் பகட்டையும் சுற்றியே வருகிறது. நின்றது பிழை என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

அவர்கள் நின்றிருந்த அதே துறைமுகத்தின் வழியாகத்தான் எதிர்த்திசையிலும் மனிதர்கள் வந்துகொண்டிருந்தனர். மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் 'காசில் கார்டன்' என்னும் குடியேற்ற நிலையம் இருந்தது. 1855 முதல் 1890 வரை சுமார் எண்பது இலட்சம் பேர் அதன் வழியே அமெரிக்காவுக்குள் நுழைந்தனர். அடித்தளத்தின் இருட்டில் நெருக்கியடித்துக்கொண்டு கடலைக் கடந்தவர்கள் அவர்கள். முகத்துவாரத்தை ஒட்டிய ஸ்டேட்டன் தீவில், நோயுற்று வந்தவர்களை ஒதுக்கிவைத்த மருத்துவமனையை 1858இல் உள்ளூர் மக்களே தீவைத்துக் கொளுத்தினர். குவேக்கர் சிட்டியின் பயணிகளுக்கு இரண்டு நாள் அலுப்பாக இருந்த அதே நீர்ப்பரப்பு, மற்றவர்களுக்கு வாழ்வா சாவா என்று தீர்மானிக்கும் வாசலாக இருந்தது. ஒதுக்கிவைக்கப்படுவதன் கசப்பை இன்பப் பயணிகளும் பின்னால் சிறிது சுவைத்தனர். கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் பதினொரு நாள் தொற்றுத் தடைக்காவல் என்று சொல்லிவிட்டார்கள். ட்வைனும் சில நண்பர்களும் இரவில் களவாகக் கரையேறி, நிலவொளியில் அக்ரோபோலிஸைக் கண்டு, விடிவதற்குள் ஓடிவந்தனர். அந்நூலின் மிக அழகான பக்கங்கள் அவை.

*

குடியேறிகளின் கடலும் உல்லாசிகளின் கடலும் ஒன்றுதான் என்பதைக் கணக்குப் புத்தகத்தின் வழியே கண்டுகொண்டவர் ஆல்பர்ட் பாலின். ஹாம்பர்க் நகரில் 1857இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். அவருடைய தந்தை, அமெரிக்கா செல்லும் ஏழைகளுக்குப் பயணச்சீட்டு ஏற்பாடு செய்யும் முகவர். பாலினும் அதே தொழிலில் வளர்ந்து, 1886இல் ஹாம்பர்க்-அமெரிக்கக் கப்பல் நிறுவனத்தின் பயணிகள் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் கிடைப்பதில்லை. பெரும்பொருட் செலவில் கட்டிய கப்பல்கள் சும்மா கிடந்தன. சும்மா கிடக்கும் கப்பலைத் தெற்கே வெயிலுக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டார் பாலின். உடன் இருந்தவர்கள் நகைத்ததாகச் சொல்வார்கள்.

1891 ஜனவரி 22 அன்று குக்ஸ்ஹாஃபென் துறையிலிருந்து 'அகஸ்டா விக்டோரியா' 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்பட்டது. பாலினும் உடன் சென்றார். ஏறத்தாழ இரண்டு மாதப் பயணம். ஜெர்மானியப் பேரரசியின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பலில் அந்தப் பெயரே பிழையாக எழுதப்பட்டிருந்தது. 'அகஸ்டே' என்றிருக்க வேண்டியது 'அகஸ்டா' ஆகிவிட்டது. 1897இல் கப்பலைப் பெரிதாக்கியபோதுதான் திருத்தினார்கள். இன்றைய உல்லாசக் கப்பல் தொழில் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது இப்பயணத்தைத்தான். அதன் வேர், ஏழைகள் பயணம் செய்யாத மாதங்களில் ஏற்பட்ட நட்டத்தில் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. முதல் உலகப் போர் பாலின் கட்டியெழுப்பிய அனைத்தையும் குலைத்தது. 1918 நவம்பர் 9 அன்று, பேரரசு வீழ்ந்த அதே நாளில், அவரும் மாண்டார்.

*

இனி அக்காவின் சிரிப்புக்கு வருகிறேன்.

1912இல் டைட்டானிக் மூழ்கியது. அதன் விளைவாக 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. படகுகள் எத்தனை வேண்டும், ஒத்திகை எப்போது நடக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் அங்கிருந்து படிப்படியாக வளர்ந்தன. ஆனாலும் ஒரு சிறு இடுக்கு மிச்சமிருந்தது. பயணிகள் ஏறியதிலிருந்து 24 மணி நேரத்திற்குள் ஒத்திகை நடந்தால் போதும் என்றது விதி. முதல் நாள் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அது இடம் கொடுத்தது.

2012 ஜனவரி 13 மாலை, இத்தாலியின் சிவிட்டவெக்கியா துறைமுகத்திலிருந்து 'காஸ்டா கான்கார்டியா' புறப்பட்டது. கப்பலில் இருந்தவர்கள் 4,229 பேர். அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் அன்றைக்குத்தான் ஏறியவர்கள்; அவர்களுக்கான ஒத்திகை மறுநாளைக்கு வைக்கப்பட்டிருந்தது. கரையோரத்திற்கு ஒரு 'வணக்கம்' செலுத்துவதற்காகக் கப்பல் தன் வழியை விட்டு ஜிலியோ தீவை நெருங்கிச் சென்றது. இரவு ஒன்பதே முக்கால் மணியளவில் பாறையில் மோதியது. பலர் அப்போது இரவு உணவில் இருந்தனர். மின்சாரக் கோளாறு என்று முதலில் சொல்லப்பட்டது. கப்பலைக் கைவிடும் ஆணை வர ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. எந்தப் பக்கம் ஓடுவது, எங்கே கூடுவது என்பது அன்று ஏறியவர்களுக்குத் தெரியாது. 32 பேர் இறந்தனர். கப்பல் தலைவருக்கு 2015இல் பதினாறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அதன்பின்பே அந்த இடுக்கு அடைக்கப்பட்டது. புதிதாக ஏறியவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடந்தாக வேண்டும் என்னும் திருத்தம் 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அக்கா அலுத்துக்கொண்ட அந்த முதல் மணி நேரம், முப்பத்திரண்டு பேரின் முதல் நாளிலிருந்தும் கடைசி நாளிலிருந்தும் வந்தது. இதை அவளிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "சின்னவன் அந்த அங்கியை மாட்டிக்கொண்டு கழற்றவே மாட்டேன் என்றான். நான்தான் அதட்டினேன்" என்றாள்.

1867இன் கப்பலையும் 2012இன் கப்பலையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, பயணிகள் சோர்ந்தாலும் பரவாயில்லை என்று நின்றது. மற்றொன்று, காட்சிக்காக வழி விலகியது. முன்னதில் ராடார் இல்லை, கம்பியில்லாத் தந்தி இல்லை, வானிலை அறிக்கை இல்லை; கண்ணால் கண்ட அலையும் அதன்மேல் இருந்த அச்சமும்தான் இருந்தன. பின்னதில் கருவிகள் அனைத்தும் இருந்தன. தரையில் இருப்பதாகவே பயணியை நம்பவைப்பதில் உல்லாசக் கப்பல் வெல்ல வெல்ல, ஓட்டுகிறவனும் அந்த நம்பிக்கைக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

*

குவேக்கர் சிட்டி ஐந்து மாதங்களுக்கும் மேலாகச் சுற்றிவிட்டு 1867 நவம்பர் 19 அன்று நியூயார்க் திரும்பியது. அந்தப் பயணம் ட்வைனுக்குப் புகழையும், உடன்வந்த இளைஞன் சார்லஸ் லாங்டனின் தமக்கை ஒலிவியாவை மனைவியாகவும் தந்தது.

அவர் மீண்டும் ஒரு நீண்ட கடற்பயணம் போனார். இம்முறை இன்பத்திற்காக அன்று. பதிப்பகம் 1894இல் நொடித்து, கடன் கழுத்தை நெரித்தது. அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்தவர் ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றிக் கடனை அடைக்க 1895இல் புறப்பட்டார். அந்த வழியில் 1896 மார்ச் இறுதியில் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய அவருடைய கப்பல் சென்னையில் ஒரு நாள் நின்றது; பின்னர் இலங்கை, அங்கிருந்து மொரீசியஸ். பல்லாயிரம் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தீவு அது. அதே கடலைக் கடன் தீர்க்கப் போகும் எழுத்தாளரும் கடந்தார்.

சென்னைத் துறைமுகத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த ஒரு நாளை நினைத்துக்கொள்கிறேன். முப்பதாண்டுகளுக்கு முன் நியூயார்க் முகத்துவாரத்தில் நின்றபோது, எப்போது கிளம்புவோம் என்று தவித்திருப்பார். இங்கே நின்றபோது, எப்போது வீடு திரும்புவோம் என்றிருந்திருக்கும். நங்கூரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.